முள்ளந்தண்டு உணர்வகற்றலும் ஸ்டீரொயிட்டு மருந்தும்

"முதுகில் ஊசி போட்டார்கள், குழந்தை அழுதது கேட்டது, வலி தெரியவில்லை." சத்திரசிகிச்சை மூலம் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ பிள்ளை பெற்ற தாய்மார் இவ்வாறு கூறுவதை எமது தோட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இதுவே முள்ளந்தண்டு உணர்வகற்றல் ஆகும். 1898இல் ஜேர்மனிய வைத்தியர் ஓகஸ்ட் பியர் இதனைச் சத்திரசிகிச்சைக்குப் பயன்படுத்தினார்.

மருந்து முண்ணாணினுள் ஏற்றப்படுவதில்லை என்பதைக் கவனிக்க. முண்ணாண் முடிவடையும் இடத்திற்குக் கீழே, இரு நாரி முள்ளென்புகளுக்கு இடையால், மூளைய முண்ணாண் பாய்பொருளினுள் ஏற்றப்படும். பியூபிவக்கெயின் போன்ற மருந்து நரம்புக் கணத்தாக்கங்களைத் தடுக்கும். ஏறக்குறைய 2 - 3 மணித்தியாலங்களில் இவ்விளைவு குறைய, காயம் வலிக்கத் தொடங்கும்.

வலியற்ற நேரத்தை நீடிக்க டெக்சாமெதசோன் எனும் ஸ்டீரொயிட்டு நாளத்தினூடாக ஏற்றப்படுவதுண்டு. அதிரினற் சுரப்பியின் கோட்டிசோல் ஓமோனைப் போன்று இது அழற்சியைக் குறைக்கும். இதனால் காயத்தில் வலியைத் தூண்டும் பதார்த்தங்கள் குறைவாக உருவாகும். வலி குறைந்தால் தாய் விரைவில் எழுந்து நடக்கலாம், சிரமமின்றிப் பாலூட்டலாம்.

நினைவிற் கொள்க:
1. டெக்சாமெதசோன் தனித்து உணர்வை அகற்றாது.
2. இது குருதிக் குளுக்கோசு மட்டத்தை உயர்த்தும். ஆகவே நீரிழிவு இருப்பின் வைத்தியரிடம் முன்கூட்டியே கூறுதல் அவசியம்.

வினா: தாய் விழித்திருந்தும் வலியை உணராதது ஏன்?
விடை: மூளை தொழிற்படுகின்றது, ஆனால் வலிக்கான கணத்தாக்கங்கள் அதனைச் சென்றடைவதில்லை.