'டாய் ஸ்டோரி 2' படத்தைக் காப்பாற்றிய வீட்டு கம்ப்யூட்டர்!

1998-ம் ஆண்டு. அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' அனிமேஷன் பட வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. திடீரென, கதாபாத்திரங்களின் ஃபைல்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. காரணம், யாரோ தவறுதலாகக் கொடுத்த டெலிட் கமாண்ட்! சர்வரின் பிளக்கைப் பிடுங்குவதற்குள் சுமார் 90 சதவிகிதப் படம் அழிந்துவிட்டது.

'அதான் பேக்கப் இருக்கே' என்று எடுத்துப் பார்த்தால், அதுவும் சில வாரங்களாகச் சரியாகப் பதிவாகவில்லை. அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தவர், படத்தின் தொழில்நுட்பக் குழுவிலிருந்த கேலின் சஸ்மன். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவரின் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் இருந்தது. அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது!

நம் வீட்டுக் கல்யாண போட்டோக்களுக்கும் சர்டிஃபிகேட்களுக்கும் இதே பாடம்தான்.

* '3-2-1' ஃபார்முலா: 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில். அதில் 1 வீட்டுக்கு வெளியே. கிளவுடிலோ, உறவினர் வீட்டு ஹார்டு டிஸ்க்கிலோ இருக்கட்டும்.

* ஃபைல் அழிந்துவிட்டால், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். பழைய ஃபைல் இருந்த இடத்தில் புதியது பதிந்துவிட்டால் மீட்பது கடினம்.

* ஹார்டு டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால், உடனே ஆஃப் செய்து டேட்டா ரெக்கவரி நிபுணரிடம் கொடுங்கள்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு போட்டோவைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்!