விரல்களைக் காத்த பொல்க்கா வேந்தர்

வாத்தியம் வாசிக்கும் ஒருவருக்குத் தம் விரல்களிலும் பெரிய செல்வம் வேறு உண்டோ? வீணை மீட்டுவோரையும் வயலின் வாசிப்போரையும் கேட்டால் விடை கிடைக்கும். கைகளை வெட்டி எடுத்தாலன்றி உயிர் தப்புவது அரிது என்று வைத்தியர்கள் கூறுமிடத்து, அத்தகைய ஒருவர் என்ன மறுமொழி சொல்வார்?

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இக்கேள்வி ஓர் அமெரிக்கப் போர்வீரர்முன் உண்மையாகவே எழுந்தது. வெட்ட வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். பின்னாளில் அமெரிக்காவின் ‘பொல்க்கா வேந்தர்’ என முடி சூட்டப்பெற்ற பிராங்கி யங்கோவிக் என்பவரே அவர். அவரது வாழ்க்கையை இங்கு சற்றே நோக்குவோம்.

பொல்க்கா என்பது யாது?

பொல்க்கா ஐரோப்பாவின் நடுப்பகுதியிலுள்ள பொகீமியா நாட்டில், 1830-களில் தோன்றிய ஒரு நடனம். இன்று அப்பகுதி செக் குடியரசைச் சேர்ந்தது. எண்ணிக்கை இரண்டே கொண்ட விறுவிறுப்பான தாளம். ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுழன்று ஆடும் ஆட்டம். 1840-களில் பாரிஸ், லண்டன் நகரங்களையும் அது மயக்கிற்று. பின்னர், பிழைப்புத் தேடிக் கடல் கடந்த குடியானவர்களோடும் சுரங்கத் தொழிலாளரோடும் அமெரிக்காவுக்கும் சென்றது.

அங்கு அதற்கு உயிர் கொடுத்த வாத்தியம் அக்கோடியன். ஆர்மோனியத்தை நாம் எல்லோரும் அறிவோம். அக்கோடியன் அதற்கு உறவு முறையானது. துருத்தியிலிருந்து வரும் காற்று சிறிய உலோக நாக்குகளை அதிரச் செய்ய நாதம் பிறக்கிறது. ஆர்மோனியத்தைத் தரையில் வைத்து வாசிப்பர். அக்கோடியனையோ மார்பில் மாட்டிக்கொண்டு நின்றபடியே வாசிப்பர்.

தாயின் சேமிப்பு

பிராங்கி 1915 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆந் திகதி, மேற்கு வேர்ஜீனியாவிலுள்ள டேவிஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஸ்லொவேனியாவிலிருந்து குடியேறியவர்கள். அந்நாடு அக்காலத்தில் அவ்ஸ்திரிய – ஹங்கேரிப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. குழந்தை பிறந்த சிறிது காலத்திற்குள் குடும்பம் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஆலைகள் நிறைந்த அந்நகரிலே ஸ்லொவேனியர் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர்.

யங்கோவிக் குடும்பத்தினர் தம் வீட்டில் சில தொழிலாளரை வாடகைக்கு வைத்திருந்தனர். அவர்களுள் ஒருவர் மாலை வேளைகளில் பொத்தான் அக்கோடியனை எடுத்துத் தாய்நாட்டு மெட்டுக்களை வாசிப்பார். சிறுவன் அருகிலிருந்து கேட்டான். கேட்டதை விரல்களிற் பழகினான்.

தந்தைக்கோ இது பிடிக்கவில்லை. வாத்தியம் வாசித்துக் குடும்பம் நடத்த முடியுமா என்பது அவரது கேள்வி. எந்த நாட்டுத் தந்தைதான் இதைக் கேளாதிருந்தார்? ஆயினும் தாயின் மனம் வேறு விதமாயிருந்தது. தாம் சேர்த்து வைத்த பணத்திலிருந்து, கணவர் அறியாவண்ணம், பதினாறு வயது மகனுக்குப் பியானோக் கட்டைகள் பூட்டிய ஒரு பெரிய அக்கோடியனை வாங்கிக் கொடுத்தார். தாய் செய்த அந்த இரகசிய உதவியே மகனின் ஜீவனோபாயமாயிற்று.

திருமணங்களிலும் ஸ்லொவேனிய மண்டபங்களிலும் வாசித்து இளைஞர் பெயர் பெற்றார். பெரிய இசைத்தட்டுக் கம்பனிகள் முன்வராதபோது சொந்தச் செலவிலேயே தட்டுக்களை வெளியிட்டார். 1941 இல் ஒரு மதுச்சாலையையும் திறந்தார். பகலில் வியாபாரம், இரவில் சங்கீதம் என வாழ்க்கை ஒழுங்கு பெறும் வேளையில் யுத்தம் குறுக்கிட்டது.

பனியும் துணிவும்

1943 இல் பிராங்கி படையிற் சேர்ந்தார். 1944 டிசெம்பரில் பெல்ஜியத்துக் காடுகளில் ஜேர்மானியப் படைகள் இறுதிப் பெருந்தாக்குதலைத் தொடுத்தன. கொட்டும் பனியில் நடந்த அப்போரில் குண்டுக்குத் தப்பியோர் பலர் குளிருக்குத் தப்பவில்லை. பிராங்கியின் கைகால்களும் விறைத்தன. தசை அழுகத் தொடங்கிற்று. கைகளையும் கால்களையும் அகற்றுவதே வழி என்று வைத்தியர்கள் கருதினர். அவர் இணங்கவில்லை.

துணிவு எப்போதும் வெல்லும் என்று நாம் சொல்ல மாட்டோம். அதே மருத்துவமனைகளில் வேறு வழியின்றி அவயவங்களை இழந்தோர் பலர். ஆனால் பிராங்கிக்கு மருந்து கைகொடுத்தது. அக்காலத்திற் புதிதாய் வந்த பெனிசிலின் ஊசிகள் அழுகலைத் தடுத்தன. விரல்கள் மீண்டும் அசைவு பெறுவதற்கு வைத்தியர்கள் கொடுத்த பயிற்சிச் சாதனம் யாதென்று எண்ணுகிறீர்கள்? ஓர் அக்கோடியன்! நாளடைவில் சக போர்வீரருக்குக் கச்சேரி செய்யுமளவுக்கு அவர் தேறினார்.

மெட்டுப் பழையது, மொழி புதியது

யுத்தம் முடிந்து திரும்பியவரை 1946 இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பனி ஏற்றுக்கொண்டது. 1947 டிசெம்பரில் ‘ஜஸ்ட் பிகோஸ்’ என்னும் பழைய நாட்டுப்புறப் பாட்டைப் பொல்க்காவாக மாற்றிப் பதிவு செய்ய அவர் விரும்பினார். கம்பனியார் தயங்கினர். விற்காவிட்டால் முதற் பத்தாயிரம் தட்டுக்களைத் தாமே வாங்குவதாக அவர் வாதாடினார் என்பது இசை உலகில் வழங்கும் கதை. அவர் ஒன்றையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. 1948 இல் அப்பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அவ்வாண்டே மில்வோக்கி நகரில் நடந்த போட்டியில் அவர் பொல்க்கா வேந்தராக முடிசூட்டப்பட்டார்.

மறு ஆண்டு ‘புளூ ஸ்கேர்ட் வோல்ட்ஸ்’ வெளிவந்து பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அதன் மூலம் ஒரு செக் பாட்டு. அங்கே சிவப்பாயிருந்த பாவாடை, ஆங்கிலத்தில் நீலமாயிற்று!

அவரது வெற்றியின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. அதற்கு முன், போலந்தியர் போலந்தியருக்கும், ஸ்லொவேனியர் ஸ்லொவேனியருக்கும் தத்தம் மொழியிலேயே பாடினர். குடியேறியோரின் பிள்ளைகள் பாடசாலையில் ஆங்கிலம் கற்றுப் பெற்றோரின் பாட்டை விட்டு விலகத் தொடங்கியிருந்தனர். பிராங்கி மெட்டைக் கைவிடவில்லை, மொழியை மாற்றினார். அக்கோடியன்களோடு பாஞ்சோ, பியானோ முதலியவற்றைச் சேர்த்து இலேசான ஒரு நாதத்தை உண்டாக்கினார். பேரப்பிள்ளைகள் பாட்டன்மாரின் தாளத்துக்கு மீண்டும் ஆடினர். மொழியை விட்டது இழப்பல்லவா என்று கேட்போரும் உளர். அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் தாளமாவது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கொடுத்த விலை

புகழுக்கு விலையும் இருந்தது. ஆண்டில் முந்நூறு இரவுகள் வரை அவர் ஊரூராய்ச் சென்று வாசித்தார். பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் தந்தை பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே இருந்தார். இரண்டு திருமணங்கள் முறிந்தன. பிறர் வீட்டுக் கலியாணங்களை மகிழ்வித்தவர் தம் வீட்டைக் காத்துக்கொள்ள இயலாது போனது இரங்கத்தக்கது.

1950-களின் நடுவிலே றொக் இசை எழுந்து, பொல்க்காவின் செல்வாக்கைக் குறைத்தது. அவரோ ஓயவில்லை. கிராமி விருதுக் குழுவினர் பொல்க்காவுக்கென முதன்முதலாகத் தனிப் பரிசு வழங்கியபோது, 1986 இல் அதைப் பெற்றவர் எழுபது வயதுப் பிராங்கியே. 2009 இல் அப்பரிசு நிறுத்தப்பட்டது. அதைக் காண அவர் இருக்கவில்லை; 1998 ஒக்டோபர் 14 ஆந் திகதி புளோரிடாவில் தமது 83 ஆவது வயதிற் காலமானார். கிளீவ்லண்ட் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

வாத்தியம் சோறு போடுமா என்று கேட்ட தந்தைக்கு அவரது வாழ்க்கை விடை கூறிற்று. ஆனால் அவ்விடைக்கு முதலீடு ஒரு தாயின் சேமிப்பு என்பதை நாம் மறத்தலாகாது. நம் வீடுகளிலும், பாடப் புத்தகத்தை மூடிவிட்டு ஏதோ ஒரு நாதத்துக்குச் செவி சாய்த்திருக்கும் பிள்ளை இருக்கலாம். கடிந்துகொள்ளுமுன் அப்பிள்ளையின் விரல்களை ஒருமுறை நோக்குவோமாக.