பொறியியலாளர் நிறுவகமும் கல்லோயாப் பாசனமும்

வைத்தியர்க்கும் வழக்கறிஞர்க்கும் தத்தம் தொழிலின் ஒழுக்கத்தைப் பேணும் சங்கங்கள் உள்ளன. பொறியியலாளர்க்கு அத்தகைய அமைப்பு இன்னும் இன்றியமையாதது. வைத்தியர் பிழைத்தால் ஒருவர் வருந்துவர். அணை பிழைத்தால் ஊர்களே வருந்தும்.

இவ்வகை நிறுவகங்களுள் மூத்தது 1818ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய குடிசார் பொறியியலாளர் நிறுவகம். இலங்கையில் 1906இல் பொறியியற் சங்கம் அமைந்தது. அதன் வழிவந்த இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 1968ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் கூட்டிணைக்கப்பட்டது. 1950இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1964இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. பட்டப்படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் பணியை ஆற்றிவரும் இந்நிறுவகம், 2014இல் உவாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்புரிமையும் பெற்றது.

தலைமையகம் கொழும்பில் இருப்பினும், பொறியியலாளர் ஆற்றும் பணி பெரும்பாலும் தொலைவிலேயே நிகழ்கின்றது. அதனாலன்றோ பிரதேசக் கிளைகள் வேண்டப்படுகின்றன! நம் சம்மாந்துறைப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். 1949இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் காலத்தில், இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமொன்று பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை கட்டியது. சேனாநாயக்க சமுத்திரம் அவ்வாறு உருவாயிற்று. ஆயினும் அணை கட்டியதோடு பொறியியல் முற்றுப்பெறவில்லை. காலப்போக்கில் வாய்க்கால்கள் சிதைந்தன, மதகுகள் பழுதுற்றன. தலைப்பில் உள்ளோர் மிகுதியாகப் பாய்ச்ச, கடைமடை வயல்கள் வறண்டன.

1981 முதல் இடதுகரையில் கமக்காரர் அமைப்புகள் உருவாக்கப்பட்டன. நீர் குறைந்திருந்த அக்காலத்திலும், தலைப்பிலிருந்த சிங்களக் கமக்காரர் பலர் தம் பாய்ச்சலைக் குறைத்து, கடைமடையிலிருந்த தமிழ்பேசும் கமக்காரர்க்கு நீர் சென்றடையச் செய்தனர். வாய்க்காலின் குறைகளை அதன் கரையில் வாழ்வோரே நன்கறிவர் என்பதைப் பொறியியலாளர் அன்று உணர்ந்தனர்.

ஆதலின் கிளையொன்றின் பெருமை, ஆண்டுக்கூட்டங்களின் எண்ணிக்கையால் அளக்கத்தக்கதன்று. கொழும்பின் புதிய அறிவை இங்குக் கொணர்வதும், வட்டைவிதானையாரும் கமக்காரரும் கூறும் குறைகளைத் தொழில்நுட்ப மொழியில் எழுதி மேலே சேர்ப்பதும் அதன் இரட்டைக் கடமைகளாகும். இப்பணிக்குத் தமிழிற் பேசவும் எழுதவும் வல்ல பொறியியலாளர் வேண்டும். ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2012இல் பொறியியற் பீடம் நிறுவப்பட்டமை இவ்வகையிற் பெரும் வாய்ப்பாகும். கணிதத்திலும் பௌதிகவியலிலும் நாட்டமுடைய மாணவர்கள், பட்டத்தோடு நில்லாது நிறுவகத்தின் உறுப்புரிமையையும் பெற்று, தம் ஊர் வாய்க்கால்களுக்குப் பயன்படுவாராக.