அண்டை நிலத்தாரின் நிலத்தடிக் குழாய்க் கசிவும் அதனைத் தீர்க்கும் முறையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் கண்மாய்ப் பாசனத்தோடு கிணற்றுப் பாசனமும் பெரிதும் கைக்கொள்ளப்பட்டு வருகிறது. ஒருவருக்குரிய நிலங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திராமல் பல துண்டுகளாய்ச் சிதறிக் கிடப்பதால், ஒரு துண்டிலுள்ள கிணற்று நீரை மற்றொரு துண்டுக்குக் கொண்டுசெல்ல, இடையிலுள்ள பிறர் நிலத்தின் அடியில் குழாய் பதிப்பது வழக்கமாயிருக்கிறது. மண் வாய்க்காலில் நீர் வீணாவதை இம்முறை தடுக்கிறதென்பதில் ஐயமில்லை. ஆயினும் வாய்க்கால் உடைந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். பூமிக்குள் குழாய் வெடித்தால் பல மாதங்கள் வரை தெரிவதில்லை. 1990-ஆம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் விவசாயிகளின் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வருவதால், கசியும் நீரை இறைக்கும் செலவும் குழாய்க்குரியவருக்கு உறைப்பதில்லை. கசிவினால் நஷ்டமடைபவர் ஒருவர். அதை நிறுத்த வேண்டியவர் மற்றொருவர். பிணக்குக்கு மூலகாரணம் இதுவே. இவ்விருவரும் செய்யத்தக்கவற்றையும் செய்யத்தகாதவற்றையும் ஈண்டு எடுத்துக் கூறுவோம்.

கசிவு உண்டாகும் காரணம்

இத்தாலுகாக்களில் மலையோரத்தில் செம்மண்ணும், கிழக்கே செல்லச் செல்லக் கரிசலும் காணப்படும். கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடிக்கும். மழையில் ஊறிப் பருக்கும். ஆண்டுதோறும் நிகழும் இவ்வசைவினால் குழாய்களின் மூட்டுகள் நெகிழ்ந்துவிடுகின்றன. செம்மண் நிலத்திலோ, கல் நீக்காமல் மூடிய பள்ளத்தில் குழாயின்மேல் கூரிய கல் அழுந்திக் கீறல் உண்டாகிறது. ஆழமின்றிப் பதித்த குழாயை டிராக்டர் கலப்பை தாக்குவதும் உண்டு.

இவற்றிற்கு மேலாக, மின்சாரம் நின்று திரும்ப வரும்போது தானியங்கி ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்டிவிடுகிறது. வெறுமையாயிருக்கும் குழாயில் நீர் வேகமாய்ப் பாய்ந்து, அடைபட்ட காற்றை நெருக்கி மோதுகிறது. வால்வைச் சட்டென்று மூடினாலும் இத்தகைய மோதல் உண்டாகும். பலமற்ற மூட்டு முதலில் விட்டுப்போவது இதனாலேயே.

விளையும் சேதம்

ஓயாமல் ஈரம் தங்கும் மண்ணில் வேர்களுக்குக் காற்று கிடைப்பதில்லை. பருத்தி இதனைச் சிறிதும் தாங்காது. இலை வெளுத்துச் சப்பையும் பிஞ்சும் உதிரும். மா, தென்னை ஆகியவற்றின் வேரும் நாளடைவில் கெடும். கிணற்று நீர் உப்புக் கலந்ததாயின், ஈரம் ஆவியாகும்தோறும் உப்பு மேலே தங்கி நிலம் உவர் பூக்கும். கசிவு நின்ற பின்னும் இக்கெடுதி உடனே நீங்காது. ஆகவே காலதாமதம் கூடாது.

கசிவின் அளவையும் அற்பமாக எண்ணலாகாது. பத்து விநாடிக்கு ஒரு லிட்டர் வீதம் கசியும் குழாயை உதாரணமாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் மோட்டார் ஓடினால் 2,880 லிட்டர் வெளியேறும். இது ஒரு சென்ட் நிலத்தில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் உயரம் நிற்கக்கூடிய நீர். முப்பது நாளில் 86,400 லிட்டராகும்.

கசிவென்று நிச்சயித்தல்

வயலில் ஈரம் கண்டவுடன் அண்டை நிலத்தார்மேல் குறை கூறுதல் தகாது. கண்மாய் ஊற்று, வாய்க்கால் ஒழுக்கு, பொதுக் குடிநீர்க் குழாயின் உடைப்பு ஆகியவையும் காரணமாகலாம். பொதுக் குழாயாயின் அதனைப் பராமரிக்கும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ குடிநீர் வடிகால் வாரியத்துக்கோ எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும்.

மழையில்லாத நாட்களில், ஈரமான இடத்தில் மூன்றடி ஆழக் குழி ஒன்று தோண்டி, அதில் ஊறும் நீரின் மட்டத்தைத் தினமும் காலையில் ஒரு குச்சியில் குறித்து வருக. பின்னர்க் குழாய்க்குரியவரின் சம்மதத்துடன் மூன்று நாள் மோட்டாரை நிறுத்திப் பார்க்கவும். கரிசலில் நீர் மெதுவாய் நகருமாதலால் ஒரு வாரம் வேண்டியிருக்கும். மோட்டார் நின்றபோது மட்டம் தாழ்ந்து, ஓடியபோது உயருமாயின் குழாயே காரணமென்று கொள்ளலாம். மாறுதல் இல்லையேல் வேறு காரணம் தேடுதல் வேண்டும். இச்சோதனையை இருதரப்பாரும் கூடியிருந்து செய்தால் பின்னர் வாதத்துக்கு இடமிராது.

ஈரம் தோன்றும் இடமே குழாய் வெடித்த இடமென்று எண்ணுதல் பிழை. குழாய் பதித்த பள்ளத்தின் மண் சுற்றியுள்ள மண்ணைவிடப் பொலபொலப்பாயிருக்குமாதலால், நீர் அதன் வழியே தாழ்வான பக்கம் வெகுதூரம் ஓடி மேலெழும்பக்கூடும். ஆகையால் ஈரம் தொடங்கும் மேட்டுப்பக்க எல்லையிலிருந்தே தோண்டத் தொடங்குக.

சட்டத்தின் நிலை

பிறர் நிலத்தின்மீது ஒருவருக்குள்ள அனுபவ பாத்தியதைகளை 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் வரையறுக்கிறது. அப்போதைய சென்னை மாகாணத்துக்கு இது தொடக்கத்திலேயே பொருந்தியது, இன்றும் அமலிலுள்ளது. பிறர் நிலத்தில் குழாய் பதித்து நீர் கொண்டுபோகும் பாத்தியதையை இச்சட்டத்தின் 24-ஆம் பிரிவே உதாரணமாக எடுத்துக் கூறுகிறது. குழாய்க்குரியவர் அந்நிலத்தில் பிரவேசித்துத் தோண்டிக் குழாயைச் செப்பனிடலாம். ஆனால் நிலத்தின் மேற்பரப்பை முன்போலவே சீராக்கித் தருதல் வேண்டும். கூடிய வரையில் இடைஞ்சல் குறைந்த காலமும் முறையும் பார்த்தே இதனைச் செய்தல் வேண்டும். பழுதுபார்க்கும் செலவு அவருடையதென்று 25-ஆம் பிரிவும், செப்பனிடாமையால் விளையும் சேதத்துக்கு நஷ்டஈடு தர அவர் கடமைப்பட்டவரென்று 26-ஆம் பிரிவும் கூறுகின்றன. ஆகவே கடமை இருபுறமும் உண்டு: ஒருவர் செப்பனிட்டாக வேண்டும், மற்றவர் அதற்கு இடங்கொடுத்தாக வேண்டும்.

சென்னை மாகாணத்தில் எழுந்த பழைய வழக்கொன்றை இங்கே கருதலாம். கார்வேட்டி நகர ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைந்து இரயில் பாதையைச் சேதப்படுத்தின. மதராஸ் இரயில்வே கம்பெனி தொடர்ந்த அவ்வழக்கில், ஜமீன்தார் நஷ்டஈடு தர வேண்டியதில்லையென்று 1874-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அவ்வேரிகள் பொதுமக்களின் நன்மைக்காகத் தொன்றுதொட்டுப் பேணப்பட்டவை என்பதும், ஜமீன்தாரிடம் கவனக்குறைவு இல்லையென்பதுமே காரணங்கள். தம் சொந்த வயலுக்காகக் குழாய் பதித்து, கசிவை அறிவித்த பின்னும் வாளாவிருப்பவர் இக்காரணங்களைச் சொல்லித் தப்ப இயலாது.

குழாயை வெட்டலாகாது

நஷ்டமடைந்தவர் கோபத்தால் குழாயை உடைப்பதும் அடைப்பதும் பெருந்தவறு. விவசாயத்துக்குரிய நீர்வரத்தைக் குறைக்கும்படி சேதம் விளைவிப்பது, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். நியாயம் தம் பக்கமிருந்தும் அவரே குற்றவாளியாக நேரிடும்.

“பாட்டனார் வாய்மொழியாய்க் கொடுத்த அனுமதிதானே, இன்று ரத்து செய்கிறேன்” என்பதும் எப்போதும் செல்லாது. அனுமதியை நம்பி ஒருவர் பணம் செலவிட்டு நிரந்தரமான வேலை செய்திருப்பின், அவ்வனுமதியை நினைத்தபடி ரத்து செய்யலாகாதென்று மேற்படி ஈஸ்மெண்ட் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கூறுகிறது.

செய்யத்தக்க முறை

1. ஈரம் கண்ட தேதி, சர்வே எண், பாதித்த பரப்பு ஆகியவற்றைக் குறித்து, தேதியுடன் புகைப்படமும் எடுத்துக்கொள்க.

2. முதலில் நேரில் சொல்லி, பலிக்காவிடில் பதிவுத் தபாலில் எழுதுக. தோண்டுவதற்குத் தாம் சம்மதிப்பதையும் அதிலேயே தெரிவித்தல் நலம்.

3. அறுவடைக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரை அழைத்துப் பயிரின் நிலையைக் காட்டுக. பாத்தியதையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கில்லை; ஆயினும் அடங்கல் பதிவும் நிலவரைபடமும் பின்னர்ப் பயன்படும்.

4. இதற்கிடையில் வரப்போரமாக ஒரு வடிகால் வெட்டி நீரை இயற்கை ஓடைக்குத் திருப்புக. மூன்றாமவர் நிலத்தில் விடலாகாது.

5. அதே வயலில் ஈரம் தாக்காத பாகத்தின் விளைச்சலோடு ஒப்பிட்டு நஷ்டத்தைக் கணக்கிடுக. இதைவிட எளிதில் ஒப்புக்கொள்ளப்படும் அளவுகோல் வேறில்லை.

செப்பனிடும்போது இரப்பர் பட்டையும் கம்பியும் சுற்றுவது சில நாளைக்கே உதவும். வெடித்த பாகத்தை அறுத்தெடுத்து, புதுத்துண்டை உலர்ந்த நிலையில் பசையிட்டு இணைத்து, ஒரு நாள் கழித்தே நீர் விடுதல் வேண்டும். குழாயைச் சுற்றிக் கல்லில்லாத நயமண் இட்டு மூடி, மேடான இடங்களில் காற்றுப்போக்கி வைத்தால் பழுது அடிக்கடி நேராது.

இவ்வளவும் செய்து முடித்தபின் இருவரும் குழாயின் வழி, ஆழம், செப்பனிடும் பொறுப்பு, பயிர்ச்சேதம் கணக்கிடும் முறை ஆகியவற்றை வரைபடத்துடன் எழுதிக்கொள்வது உத்தமம். நிலையான பாத்தியதை வழங்கும் பத்திரமாயின் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். இணங்காதவர்கள் நேரே வழக்காடுவதற்கு முன் சட்டப்பணிக் குழுவை அணுகலாம்; மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசம் சிவில் கோர்ட்டின் டிக்ரிக்குச் சமமானது; அதன்மேல் அப்பீல் இல்லை. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருப்பதால் இவ்விரு தாலுகா விவசாயிகளுக்கும் இது தூரமுமன்று. ஒரு மூட்டைச் சரிசெய்ய ஆகும் செலவு சொற்பம். அதன் பொருட்டு நடக்கும் வழக்கின் செலவோ குழாய் முழுவதையும் புதிதாய்ப் பதிக்கும் செலவை மிஞ்சிவிடும். இதனை இருதரப்பாரும் மனத்திற் கொள்வாராயின், நிலமும் கெடாது. நாளை ஒரே வரப்பில் நடக்க வேண்டியவர்களின் நட்பும் கெடாது.