வாயேஜர் சுமந்து செல்லும் மட்டாஞ்சேரி மொழிகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவிலிருந்து குஜராத்தி சாலை வரை நடந்தால் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் காதில் விழும். அரபு, எபிரேயம், போர்ச்சுகீசு, டச்சு பேசியவர்களும் கடல்வழியே வந்து கால் பதித்த ஊர் இது. இந்த மொழிகளில் பலவற்றின் குரல்கள் இன்று விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சுமப்பவை நாசாவின் வாயேஜர் விண்கலங்கள்.

ஏன் 1977?

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒரே பயணத்தில் எட்டும்படியான கோள் அமைப்பு ஏறத்தாழ 176 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். ஒரு கோளின் ஈர்ப்பு விசை கலத்தின் பாதையை வளைத்து, வேகத்தையும் கூட்டி, அடுத்த கோளுக்கு அனுப்பிவிடும். அந்த வாய்ப்பைப் பிடிக்க வாயேஜர் 2 ஆகஸ்ட் 20 அன்றும், வாயேஜர் 1 செப்டம்பர் 5 அன்றும் கிளம்பின.

1979 மார்ச்சில் வாயேஜர் 1 அனுப்பிய, வியாழனின் நிலவான அயோவின் படமொன்றைப் பாதைக் கணிப்புக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார் பொறியாளர் லிண்டா மொராபிட்டோ. நிலவின் விளிம்பில் குடைபோல் ஒரு புகைமண்டலம் எழுந்து நின்றது. பூமிக்கு வெளியே எரிமலை வெடிப்பை மனிதர் கண்டது அதுவே முதல்முறை. 1986-ல் யுரேனஸையும் 1989-ல் நெப்டியூனையும் வாயேஜர் 2 நெருங்கியது. அதன்பின் வேறெந்தக் கலமும் அங்கே போனதில்லை.

தங்கத் தட்டில் யார் யார்?

இரு கலங்களிலும் தங்க முலாம் பூசிய 12 அங்குலச் செப்பு இசைத்தட்டு இருக்கிறது. வானியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான குழு அதைத் தொகுத்தது. 55 மொழிகளின் வாழ்த்துகளில் எபிரேயம், அரபு, போர்ச்சுகீசு, டச்சு, குஜராத்தி, மராத்தி, தெலுங்கு, கன்னடம் எல்லாம் உண்டு. மலையாளம் இல்லை, தமிழும் கொங்கணியும் இல்லை. குறுகிய காலத்தில், பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தவர்களின் குரல்களையே பதிவு செய்தார்கள். கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகள் விடுபட்டதற்கு அந்த அவசரமும் ஒரு காரணம்.

ஆனால் மட்டாஞ்சேரிக் கொங்கணியரின் பூர்விகமான கோவாவில் பிறந்த ஒருவரின் குரல் அதில் இருக்கிறது. கேரி கிராமத்தின் கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி ராகப் பாடல் அது. வாயேஜர் 1 கிளம்பிய பதினோராம் நாள் அவர் காலமானார்.

இனி?

வாயேஜர் 1 2012-லும் வாயேஜர் 2 2018-லும் சூரியக் காற்றின் எல்லையைக் கடந்தன. புளூட்டோனியத்தால் கிடைக்கும் மின்சாரம் குறைந்துவருவதால் கருவிகள் ஒவ்வொன்றாக அணைக்கப்படுகின்றன. கலங்கள் பேச்சை நிறுத்திய பிறகும் தட்டுகள் போய்க்கொண்டே இருக்கும்.

இந்தியா இன்னும் வியாழனுக்கு ஒரு கலமும் அனுப்பவில்லை. அனுப்பும் நாளில் அதில் மனிதக் குரல்களை வைப்பதானால், அவற்றை ஒரே வளாகத்துக்குள் திரட்டி முடித்துவிடக் கூடாது. மட்டாஞ்சேரி போன்ற தெருக்களிலிருந்து அந்தப் பதிவு தொடங்கட்டும்.