கரியாஹாட்டின் மலையூர்: சிமுல்தலாவின் எழுச்சியும் சரிவும்

ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியைச் சுற்றி வாழும் தென் கல்கத்தாவின் பழைய குடும்பங்களின் பேச்சில் மதுபூர், கிரிதி, தேவ்கர், சிமுல்தலா என்னும் ஊர்ப்பெயர்கள் இன்றும் அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. வங்காளத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் விளிம்பில் உள்ள இவ்வூர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் கல்கத்தாவின் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் ஜமீன்தார்களும் பேராசிரியர்களும் ஓய்வு இல்லங்களைக் கட்டி, ஆண்டுதோறும் குடும்பத்தோடு சென்று தங்கினர். இவற்றுள் மிகச் சிறியதும், குன்றுகளும் சால மரக் காடுகளும் சூழ்ந்த அமைப்பால் மலையூர் என்னும் பெயருக்கு மிகவும் தகுதியுடையதும் சிமுல்தலாவே ஆகும். இன்றைய பீகாரின் ஜமுயி மாவட்டத்தில், ஹவுராவிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில், ஜஷிடிக்கும் ஜாஜாவுக்கும் இடையே அமைந்த இவ்வூரின் வளர்ச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் தேடுவோர், அதன் குன்றுகளையும் காற்றையும் ஆராய்வதைவிடக் கல்கத்தாக் குடும்பங்களின் வரலாற்றை ஆராய்வதே பொருத்தமாகும்.

தமிழ் வாசகர்கள் அறிந்த உதகமண்டலமும் கொடைக்கானலும் மேலைநாட்டினர் தம் தேவைக்காக உருவாக்கிய ஊர்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரியில் 1819-இல் தொடங்கிய முயற்சியே உதகையாக வளர்ந்தது. வங்காளத்தில் அதற்கு இணையான டார்ஜிலிங், 1835-இல் சிக்கிம் அரசரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, 1881-இல் மலை ரயில் முழுமையடைந்த பின் மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகராகப் புகழ்பெற்றது. இந்தியர்கள் அங்கு செல்லத் தடையேதும் இருக்கவில்லை. விக்டோரியா அரசியின் பொன்விழாவையொட்டி இந்திய நோயாளிகளுக்கென ஓர் ஆரோக்கிய நிலையமும் அங்கு அமைந்தது. ஆயினும் அந்த ஊரின் செலவும் குளிரும் ஆங்கிலேய நடைமுறைகளும் நடுத்தர வங்காளிக் குடும்பத்துக்கு எளிதில் ஒத்துவரவில்லை. சிமுல்தலாவோ ஆங்கில அரசின் திட்டம் எதுவுமின்றி இந்தியர்கள் தமக்காகத் தாமே அமைத்துக்கொண்ட ஓய்விடம்; இந்தியாவின் மலையூர்களைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரோடு தொடங்கி ஆங்கிலேயரோடு முடிந்துவிடுவதால் இத்தகைய ஊர்கள் உரிய கவனம் பெறாமல் போனது பெருங்குறையே.

இவ்வூர்களுக்கு வழி திறந்தது ரயில்வே. ஹவுராவிலிருந்து தில்லி செல்லும் முதல் பாதை கங்கையை ஒட்டி சாஹிப்கஞ்ச் வழியாகச் சுற்றிச் சென்றதால், தூரத்தைக் குறைக்கும் நோக்குடன் அசன்சோலிலிருந்து மதுபூர், ஜாஜா வழியாக கியூல் வரை குறுக்குப் பாதை ஒன்று அமைக்கப்பட்டு 1871-இல் திறக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள கிரிதிக்கு மதுபூரிலிருந்து ஒரு கிளைப் பாதையும் போடப்பட்டது. சரக்குக்காகவும் நெடுந்தூரப் பயணிகளுக்காகவும் போடப்பட்ட இப்பாதை, இரவில் ஹவுராவில் ஏறினால் மறுநாள் காலையில் காட்டோரத்தில் இறங்கலாம் என்ற வசதியைக் கல்கத்தாவுக்கு எதிர்பாராமல் அளித்தது.

போவதற்கான காரணத்தைக் கொடுத்தது காய்ச்சல். கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே கொண்ட கீழ் வங்காளம், குளங்களும் தேங்கிய ஓடைகளும் நிறைந்த ஈர நிலம். 1860-களிலும் 1870-களிலும் 'பர்துவான் காய்ச்சல்' என்று பெயர்பெற்ற கொள்ளைக் காய்ச்சல் அங்கு ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போனது. மலேரியாவைக் கொசு பரப்பும் விதத்தை ரொனால்டு ராஸ் கல்கத்தாவில் பறவைகளை வைத்து நிறுவியது 1898-இல்தான் என்பதால், அதற்கு முன்பு மருத்துவர்களின் கையில் கொயினாவுக்கு அடுத்தபடியாக இருந்த பரிந்துரை 'ஹவா பதல்', அதாவது காற்றும் நீரும் மாறும்படி வேறிடம் சென்று சில வாரங்கள் தங்குவது, என்பதே. அஜீரணம், ரத்தசோகை, பிரசவத்துக்குப் பிந்தைய பலவீனம், தொடக்கநிலைக் காசநோய் ஆகிய அனைத்துக்கும் இதே அறிவுரை வழங்கப்பட்டது. சிமுல்தலாவின் கிணற்று நீர் பசியைத் தூண்டும் என்ற நம்பிக்கை எவ்வளவு உண்மையோ, அந்த நிலத்துக்கு ஒரு மெய்யான நன்மை இருந்தது: சரளையும் செம்மண்ணும் கலந்த சரிவான தரையில் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும், துர்கா பூஜை முடிந்து பனிக்காலம் தொடங்கும்போது அங்கே வீசும் வறண்ட காற்றில் ஈரநாட்டு நோயாளி இயல்பாகவே சற்றுத் தெம்பு பெறுவார்.

இந்த ஊர்களை நாடியோருள் புகழ்பெற்றவர்களும் இருந்தனர். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் தம் பிற்காலத்தில் இதே ரயில் பாதையிலுள்ள கர்மாடாரில் வீடு அமைத்து, சந்தால் பழங்குடியினருக்கு ஹோமியோபதி மருத்துவம் செய்து வாழ்ந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜிக்கு மதுபூரில் வீடு இருந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் 1937-இல் கிரிதியில்தான் மறைந்தார். சிமுல்தலாவுக்கு விவேகானந்தர் உடல்நலம் தேடி வந்து சென்றிருக்கிறார். பெரிய மனிதர்கள் சென்ற ஊருக்கு ஏனையோரும் சென்றனர். வடக்குக் கல்கத்தாவும் பவானிப்பூரும் தொடங்கிவைத்த இவ்வழக்கத்தை, கல்கத்தா நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1920-களிலும் 1930-களிலும் சாலைகளும் ஏரியும் அமைத்து உருவாக்கிய பாலிகஞ்ச், கரியாஹாட் பகுதிகளின் புதிய நடுத்தர வர்க்கம் தொடர்ந்து கைக்கொண்டது. சொந்த வீடு இல்லாதோர் மாத வாடகைக்கு வீடு எடுத்தனர்.

உயர் நீதிமன்றமும் கல்லூரிகளும் பூஜைக்காக நீண்ட விடுமுறை விடும் காலமே சிமுல்தலாவின் பருவம். படுக்கைகளைச் சுருட்டிய ஹோல்டால்களும் சமையல் பாத்திரங்களும் வேலையாட்களுமாகக் குடும்பங்கள் வந்திறங்கின. வீடுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: இரண்டு தூண்களுக்கிடையே இரும்புக் கதவு, தூணில் வீட்டின் பெயர் பொறித்த பளிங்குப் பலகை, செம்மண் பாதையின் இருபுறமும் சீத்தாவும் கொய்யாவும் யூகலிப்டஸும், மூன்று பக்கமும் அகன்ற தாழ்வாரம், பின்புறம் ஆழமான கிணறு, மதிலோரத்தில் 'மாலி' எனப்படும் காவற்காரத் தோட்டக்காரரின் ஓட்டு வீடு. பாலும் நெய்யும் கோழியும் காய்கறியும் சுற்றுக் கிராமத்தார் கொண்டுவந்து விற்றனர். கல்கத்தா விலையோடு ஒப்பிட்டால் அவை மிக மலிவாக இருந்தன. ஆண்டில் நான்கைந்து மாதங்கள் இந்த வரவே ஊருக்குச் சோறு போட்டது. ஆலையோ பெரிய சந்தையோ அலுவலகமோ தேவை என்று எவரும் கருதவில்லை. வீடு கட்டியவர்களுக்கு அமைதி வேண்டியிருந்தது, அமைதி கெடும் எதையும் அவர்கள் அங்கே வளர்க்கவில்லை. பின்னாளில் ஊர் எழுந்து நிற்க முடியாமல் போனதற்கு வேர் இதுவே என்று கொள்ளலாம்.

சரிவை முதலில் தொடங்கிவைத்தது மருத்துவ முன்னேற்றம் என்பது கவனிக்கத்தக்கது. காலா அசார் என்னும் கருங்காய்ச்சலுக்கு உபேந்திரநாத் பிரம்மச்சாரி கல்கத்தாவிலேயே 1920-களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைத் தந்தார். காசநோய்க்கு 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டி.டி.டி. மருந்தை வீடுதோறும் தெளித்தது. ஊசியும் மாத்திரையும் குணமாக்கும் நோய்க்காக இரண்டு மாதம் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு செல்ல எவரும் துணியவில்லை.

அடுத்த அடி நிலத்தின் மீது விழுந்தது. சிமுல்தலாவில் இடிந்து நிற்கும் நல்டாங்கா ராஜ்பாரியின் வரலாறு இதற்குப் போதிய சான்று. அரண்மனைத் தோற்றம் கொண்ட அம்மாளிகையைக் கட்டிய குடும்பம் ஜெசோர் மாவட்டத்து நல்டாங்காவின் ஜமீன்; 1947-இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது நல்டாங்கா கிழக்குப் பாகிஸ்தானில் சேர்ந்தது, 1950-இல் அங்கே ஜமீன் நிலங்களை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டமும் வந்தது. குத்தகைப் பணத்தில் நடந்த வீட்டுக்குக் குத்தகை நின்றுவிட்டால், கூரை ஒழுகுவதைத் தடுக்கவும் வழியில்லை. இன்று அதன் சுவர்ப் பிளவுகளில் ஆலும் அரசும் வேரோடி, மேல்தளம் சரிந்து, வளைவுகளும் தூண்களும் மட்டும் எஞ்சியுள்ளன. ஜமீன் இல்லாத, சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்கள் இன்னும் ஒரு தலைமுறை தாக்குப்பிடித்தன.

அவர்களையும் வீழ்த்தியது வாரிசுரிமை. தமிழகத்தில் நிலவிய மிதாக்ஷர முறையில் மகனுக்குப் பிறப்பிலேயே குடும்பச் சொத்தில் உரிமை உண்டு. வங்காளத்தின் தாயபாக முறையிலோ தந்தை உயிரோடிருக்கும்வரை சொத்து முழுதும் அவருடையது, அவர் மறைந்ததும் வாரிசுகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு கிட்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகள்களையும் அவ்வரிசையில் சேர்த்தது, நியாயமாகவே. இதன் விளைவாக இரண்டே தலைமுறையில் ஒரு மலையூர் வீட்டுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள் சேர்வது இயல்பாயிற்று. கரியாஹாட்டிலுள்ள வீட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே மனையின் விலை ஏறிக்கொண்டே இருந்ததால், 'புரொமோட்டர்' எனப்படும் கட்டுமானத் தரகர் எல்லோரையும் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கி, பழைய வீட்டை இடித்து, ஆளுக்கொரு அடுக்ககமும் ரொக்கமும் கொடுத்துச் சிக்கலைத் தீர்த்தார். சிமுல்தலா வீட்டுக்காக அவ்வளவு பாடுபட எவருக்கும் ஆதாயம் இருக்கவில்லை. பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே ஓடுகள் சரிந்தன.

இதற்கிடையில் வங்காளியின் விடுமுறையே உருமாறியது. கூட்டுக்குடும்பம் கலைந்தது, மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் விடுப்பு பத்து நாளாகச் சுருங்கியது, நான்காண்டுக்கு ஒருமுறை இந்தியாவின் எந்த மூலைக்கும் சென்றுவர மத்திய அரசு தன் ஊழியருக்கு அளித்த பயணச் சலுகை, கன்னியாகுமரியையும் காஷ்மீரையும் கைக்கெட்டச் செய்தது. ஒரே ஊரில் தங்கி இளைப்பாறுவதைவிடப் பல ஊர்களைப் பார்த்துத் திரும்புவதே பயணம் என்றாயிற்று. இலக்கியத்தில் மட்டும் இப்பழைய ஓய்வூர்கள் நிலைத்து நின்றன. சத்யஜித் ராய் 1961-இல் படைத்த பேராசிரியர் சங்கு குடியிருப்பது கிரிதியில்தான்.

அரசியல் எல்லைகளும் அச்சமும் எஞ்சியதைக் கெடுத்தன. 1912-இல் பீகார்–ஒரிசா தனி மாகாணமாகப் பிரிந்தபோதே கல்கத்தாவின் ஓய்வூர்கள் வேற்று மாகாணத்துக்குச் சென்றிருந்தன. 2000-இல் ஜார்க்கண்ட் உருவானபோது மதுபூரும் தேவ்கரும் கிரிதியும் அங்கே செல்ல, சிமுல்தலா மட்டும் பீகாரின் ஓரத்தில் தனித்து நின்றது. ஜமுயிக் காடுகள் மாவோயிஸ்டுகளின் புகலிடமாயின. 2013 ஜூனில் தன்பாத்–பாட்னா இன்டர்சிட்டி ரயில் இம்மாவட்டத்தில் தாக்கப்பட்டு உயிர்ச்சேதம் ஏற்பட்டது. முதியவர்களும் குழந்தைகளும் அடங்கிய குடும்பம், காட்டோரத்து வீட்டில் ஒரு மாதம் தங்கும் காலம் போய்விட்டது.

ஓய்வூர் மறைந்த இடத்தில் வேறொன்று வந்தது. ராஞ்சிக்கு அருகே, கல்கத்தா வணிகர் ஏர்னஸ்ட் திமோத்தி மெக்ளஸ்கி 1933-இல் ஆங்கிலோ–இந்தியருக்காக நிறுவிய மெக்ளஸ்கிகஞ்ச் குடியேற்றம், மக்கள் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் சென்றுவிட்டதால் ஏறக்குறைய வெறிச்சோடிய பின், 1997-இல் அங்கு தொடங்கிய பள்ளியால் மறுவாழ்வு பெற்றது. பாழடைந்த பங்களாக்கள் மாணவர் விடுதிகளாயின. சிமுல்தலாவிலும் பள்ளியே வந்தது. புகழ்பெற்ற நேதர்ஹாட் உறைவிடப் பள்ளி ஜார்க்கண்டுக்குப் போய்விட்டதை ஈடுசெய்ய, பீகார் அரசு 2010-இல் இங்கே உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. மாநிலப் பத்தாம் வகுப்புத் தேர்வின் முதலிடங்களை இப்பள்ளி மாணவர்கள் அள்ளிச் சென்றபோது, பீகார்க் கிராமத்துப் பெற்றோர் பலரும் இவ்வூரின் பெயரைத் தெரிந்துகொண்டனர். நோயாளிகளுக்காகவும் செல்வர்களுக்காகவும் பிறந்த ஊருக்கு, ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்க வருவதைவிடச் சிறந்த மறுபயன் இருக்க முடியாது.

ஆயினும் பழைய வீடுகளின் கணக்கு இன்னும் தீரவில்லை. கல்கத்தாவிலிருந்து வரும் சம்பளம் நின்ற பின்னும் மூன்று தலைமுறையாக அவ்வீடுகளைப் பெருக்கி, கிணற்றைத் தூர்வாரி, மரங்களைக் காத்துவரும் மாலிக் குடும்பங்கள் உள்ளன. பிறர் சொத்தை உரிமையாளருக்கு எதிராகப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிப்படையாக அனுபவித்தவருக்கு உரிமை தரும் சட்டம், உரிமையாளரின் அனுமதியோடு குடியிருக்கும் காவற்காரருக்குப் பொருந்தாது. எத்தனை ஆண்டு காத்தாலும் காவலாளிக்குச் சொத்தில் உரிமை பிறக்காது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவுபடுத்தியுள்ளது. பட்டா வைத்திருப்போர் வீட்டைப் பார்த்ததில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்வோரிடம் பட்டா இல்லை. மாலியின் மகனுக்குக் குறைந்தபட்சம் அவர் குடியிருக்கும் ஓட்டு வீட்டையும் அதைச் சுற்றிய சில சென்ட் நிலத்தையுமாவது எழுதிக் கொடுப்பதற்கு எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். அந்த வாரிசுகளில் பலர் கரியாஹாட்டின் அடுக்ககங்களில் வாழ்கின்றனர்.