'அடுத்து', 'அடுத்து', 'முடிந்தது': இணையப் பயிற்சியில் உண்மையிலேயே எதையாவது கற்கிறோமா?

அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். "இந்த இணையப் பயிற்சியை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கவும்."

நீங்கள் என்ன செய்வீர்கள்?

காணொளியை ஓடவிட்டு, ஒலியைக் குறைத்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பீர்கள். நடுநடுவே 'அடுத்து' பொத்தானைத் தட்டுவீர்கள். கடைசியில் 10 கேள்விகள். தப்பானால் மறுபடி முயலலாம். சான்றிதழ் வந்துவிடும்.

வெட்கப்பட வேண்டாம், நானும் அப்படித்தான். முன்பு வேலைசெய்த ஓர் இடத்தில் இணையப் பாதுகாப்புப் பயிற்சியை மதியச் சாப்பாட்டோடு சேர்த்து முடித்தேன். முழு மதிப்பெண்! மூன்று வாரம் கழித்து, ஊழியர்களைச் சோதிப்பதற்காக அனுப்பப்பட்ட போலி மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த இணைப்பைத் தட்டிய முதல் சிலரில் நானும் ஒருத்தி.

எனக்கு அசடு வழிந்ததோடு சரி. அதே மாதிரிப் பயிற்சி, நாளைக் காலை சாரத்தில் ஏறப்போகும் ஒருவருக்கு என்றால்?

கிராஞ்சியில் ஓர் இரவு

கற்பனை செய்துபாருங்கள். கிராஞ்சியில் உள்ள ஊழியர் விடுதி. இரவு 9.30 மணி. காலை 5 மணிக்கு எழுந்த ஒருவர், குளித்துச் சாப்பிட்டுவிட்டு இரண்டடுக்குக் கட்டிலில் சாய்கிறார். கையில் திறன்பேசி. முதலாளி அனுப்பிய பாதுகாப்புப் பயிற்சியை இன்றிரவு முடிக்கவேண்டும்.

அறையில் அவர் மட்டும் இல்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட புதிய விடுதித் தரநிலைகளின்படியே ஓர் அறையில் 12 பேர் வரை தங்கலாம். ஒருவர் ஊரில் இருக்கும் மனைவியோடு பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவர் தூங்கியிருப்பார்.

காணொளி 45 நிமிடம். ஆங்கிலத்தில் குரல், கீழே பொடி எழுத்தில் தமிழ். அவரும் 'அடுத்து' பொத்தானைத்தான் தட்டுவார். அது சோம்பேறித்தனம் இல்லை. அந்தப் பயிற்சி அவருக்காகச் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் 2022இல் வேலையிடங்களில் 46 பேர் மாண்டனர். 2023இல் 36 பேர். 2024இல் 43 பேர். உயரத்திலிருந்து விழுவதும் வாகன விபத்துகளும் முக்கியக் காரணங்கள்.

எல்லாவற்றுக்கும் பயிற்சிக் குறைபாடே காரணம் என்று சொல்லமுடியாது. வேலை அவசரம், பழுதான சாதனம், மேற்பார்வைக் குறைவு என்று பல உண்டு. ஆனால் பயிற்சி என்ற பெயரில் ஒரு சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு "சொல்லிக்கொடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருப்பது ஆபத்து.

பயிற்சி வடிவமைப்பு என்றால் என்ன?

ஒருவர் எதைச் செய்யத் தெரிந்துகொள்ளவேண்டும், அதற்கு அவரை எப்படித் தயார்செய்வது, தயாராகிவிட்டார் என்று எப்படித் தெரியும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடும் துறைதான் பயிற்சி வடிவமைப்பு.

1975இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக ஒரு வழிமுறையை உருவாக்கியது. 'ஆடி' என்ற பெயரில் இன்றும் அது புழக்கத்தில் உள்ளது. ஐந்து படிகள்: ஆராய்வது, திட்டமிடுவது, உருவாக்குவது, நடத்துவது, மதிப்பிடுவது.

நம்மில் பலர் எங்கே தொடங்குகிறோம்? நேராக மூன்றாம் படியில். பவர்பாயிண்ட்டைத் திறந்து, இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறோம்.

நாளை உங்களிடமும் இந்த வேலை வரலாம். புதிய ஊழியருக்கு அறிமுகப் பாடம், தொண்டூழியர்களுக்கு விளக்கம், தேசிய சேவையில் தம்பிகளுக்கு ஒரு பயிற்சி... எதுவாக இருந்தாலும் கீழே உள்ளவை உதவும்.

1. பயிற்சிதான் மருந்தா?

முதலில் இதைக் கேளுங்கள். பாதுகாப்பு வாரை மாட்டுவதற்குக் கொக்கிப் பிடிமானமே இல்லாத இடத்தில், "வாரை மாட்டுங்கள்" என்று 10 காணொளி போட்டாலும் பயனில்லை. அங்கே தேவை பிடிமானம்.

2. முடிவிலிருந்து தொடங்குங்கள்

"உயரத்தில் பாதுகாப்பாக வேலை செய்வதைப் பற்றி ஊழியர் அறிந்துகொள்வார்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறிந்துகொண்டாரா என்று எப்படிப் பார்ப்பது?

இப்படி எழுதிப் பாருங்கள்: "சாரத்தில் ஏறும் முன் ஊழியர் மூன்றைச் சரிபார்ப்பார். வார் கிழியாமல் இருக்கிறதா, கொக்கி உறுதியான இடத்தில் மாட்டப்பட்டுள்ளதா, அன்றைய வேலைக்கு அனுமதி வாங்கியாகிவிட்டதா?"

இதைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம். இந்த மூன்றுக்கும் உதவாத பக்கங்களைப் பாடத்திலிருந்து தூக்கிவிடலாம். நிறுவனத்தின் வரலாறு, தலைவரின் வாழ்த்துரை எல்லாம் முதலில் போகட்டும்.

3. சின்னச் சின்னதாக வெட்டுங்கள்

நம் மூளை ஒரே நேரத்தில் கொஞ்சம் தகவலைத்தான் கையாளும். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988இல் இதை அறிவாற்றல் சுமைக் கோட்பாடாக முன்வைத்தார்.

2014இல் எடெக்ஸ் இணையப் பாடங்களின் 6.9 மில்லியன் காணொளிப் பார்வைகளை ஆய்வாளர்கள் அலசினர். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பொதுவாக ஈடுபாட்டோடு பார்த்தது அதிகபட்சம் 6 நிமிடம்தான்.

அப்படியென்றால் 45 நிமிடக் காணொளியை ஏழெட்டுத் துண்டாக வெட்டினால் போதுமா? போதாது. ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு செயலைச் சொல்லவேண்டும். திரையில் இருக்கும் வாக்கியத்தையே குரலும் வரிக்கு வரி வாசிக்கக்கூடாது. கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது ஒரு வேகத்தில் கேட்கும். இரண்டும் மோதிக்கொள்ளும்.

4. பார்க்கவைப்பதைவிடக் கேட்டுப் பாருங்கள்

தேர்வுக்குமுன் பாடப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் இதைச் சோதித்தனர். ஒரு குழு பாடத்தைத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு பாடத்தை மூடிவைத்து நினைவுக்குக் கொண்டுவந்து எழுதியது.

5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்களுக்கே அதிகம் ஞாபகம் இருந்தது.

ஆகவே கேள்வி என்பது கடைசியில் வரும் சடங்கு இல்லை. கேள்வியே பாடம்.

ஆனால் எந்த மாதிரிக் கேள்வி? "பாதுகாப்பு முக்கியம். சரியா, தவறா?" என்று கேட்டால் தூக்கத்திலும் சரியாகச் சொல்லலாம். இதைக் கேட்டுப் பாருங்கள்: "கொக்கி மாட்டும் இடம் ஆடுகிறது. மேற்பார்வையாளர், 'அஞ்சு நிமிஷ வேலைதான் தம்பி, சீக்கிரம் ஏறு' என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

தளத்தில் உண்மையில் வரும் சிக்கல் அதுதான். தவறாகப் பதிலளித்தால் சிவப்பு அடையாளம் மட்டும் காட்டாமல், அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டுங்கள்.

5. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது

இரண்டு மொழி தெரிந்த உங்களுக்கு இங்குதான் வேலை.

ஓர் எடுத்துக்காட்டு. 3 மீட்டருக்கு மேல் விழும் அபாயமுள்ள வேலையைத் தொடங்கும் முன் எழுத்துபூர்வ அனுமதி வாங்கவேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. ஆங்கிலத்தில் அதை 'பெர்மிட் டு வொர்க்' என்பார்கள். அதைத் தமிழில் 'வேலை அனுமதி' என்று போட்டால் என்ன ஆகும்? ஊழியர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். அவருக்கு வேலை அனுமதி என்றால் இங்கே வேலைசெய்ய அரசாங்கம் தந்த 'வொர்க் பெர்மிட்'. அது அவரிடம் பத்திரமாக இருக்கிறது. ஆகவே ஏறலாம் என்று நினைத்துவிடலாம்!

"இன்றைக்கு இந்த இடத்தில் ஏறுவதற்கு எழுதி வாங்கும் பெர்மிட்" என்று நீட்டிச் சொன்னாலும் பரவாயில்லை, புரிந்துவிடும். 'சாரக்கட்டமைப்பு' என்று எழுதுவதைவிட, ஊரில் சொல்வதுபோல் 'சாரம்' என்றே எழுதலாம்.

இந்த அக்கறை இங்கே ஏற்கெனவே உண்டு. 2018 அக்டோபரில், கட்டுமானத் துறையில் முதன்முறையாக வேலைசெய்ய வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஒருநாள் அறிமுகத் திட்டம் தொடங்கப்பட்டது. உரிமைகள், சட்டங்கள், உதவி கிடைக்கும் இடங்கள் ஆகியவை அவர்களின் தாய்மொழியில், நேருக்கு நேர் விளக்கப்படுகின்றன. இணையத்துக்கு மாறும்போது அந்த அக்கறை காணாமற்போய்விடக்கூடாது.

6. ஒரு தடவை சொன்னால் மறந்துபோகும்

மறதி எவ்வளவு வேகமாக வேலைசெய்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மீதே சோதித்து 1885இல் வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பயின்றால் நினைவு நீடிக்கும்.

கட்டுமானத் தளத்தில் அதற்குத் தயாரான வாய்ப்பு ஒன்று உண்டு. வேலைக்குமுன் நடக்கும் 'டூல்பாக்ஸ் மீட்டிங்'. நேற்றிரவு திறன்பேசியில் வந்த கேள்வியை இன்று காலை ஒருமுறை கேளுங்கள். அடுத்த வாரம் இன்னொரு முறை. வாரை மாட்டுவதை அங்கேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். கை பழகவேண்டியதைத் திரை மட்டும் சொல்லித்தர முடியாது.

7. சான்றிதழை எண்ணாதீர்கள்

பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கர்க்பேட்ரிக் 1959இல் நான்கு படிகளைச் சொன்னார். பங்கேற்றவர்களுக்குப் பயிற்சி பிடித்ததா? கற்றார்களா? வேலையில் அதைச் செய்கிறார்களா? அதனால் ஏதாவது மாறியதா?

"100 விழுக்காட்டினர் முடித்துவிட்டனர்" என்ற தகவல் இந்த நான்கில் எதற்கும் பதில் இல்லை.

உங்கள் பணம், உங்கள் நேரம்

25 வயதை எட்டும் சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி கிடைக்கிறது. அதை ஓர் இணையப் பாடத்துக்குச் செலவிடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- பாடம் முடிந்ததும் என்னால் புதிதாக என்ன செய்யமுடியும்?
- நான் செய்துபார்க்கும் பயிற்சிகள் உண்டா, அல்லது வெறும் காணொளியா?
- தவறு செய்தால் ஏன் தவறு என்று யாராவது சொல்வார்களா?
- ஒரு மாதம் கழித்து நினைவுபடுத்த ஏதாவது உண்டா?

பதில் தெளிவாக இல்லையா? வேறு பாடத்தைப் பாருங்கள்.

நீங்களே ஒரு பயிற்சியைத் தயாரித்தால், வெளியிடும் முன் அதைப் பயன்படுத்தப்போகும் ஒருவரிடம் கொடுங்கள். ஊழியர்களுக்கு என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சியில் உள்ள பொழுதுபோக்கு நிலையத்துக்குப் போய், "அண்ணே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று அவரது திறன்பேசியிலேயே காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பாருங்கள்.

அவர் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார், எந்த இடத்தில் படிக்காமல் 'அடுத்து' தட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்தவேண்டிய இடங்கள் அவைதான்.